கதிர்காமத்துக்கு வந்து சேராத வேல்

நான் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் கொண்டுபோவேன். கொழும்பு புதுக்கடையில் நான் தட்டச்சு வேலை பார்க்கும் சட்டத்தரணியின் அலுவலகத்தில் அது எல்லோருக்கும் ஒரு பகிடி. "ரஜனி பால்குடம் எடுத்துக்கொண்டு வாறா, வழி விடுங்கோ" என்பார் பெரிய கிளார்க் நவரத்தினம். நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். ஏன் அப்படிப் பிடிக்கிறேன் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. காரணம் ஒரு களிமண் பொம்மை. அதைச் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், எனக்குக் கலியாணமான முதல் நவராத்திரி. வெள்ளவத்தையில் என் வீட்டுக்காரர் தயாபரனின் அக்கா சீனியம்மா வீட்டில் கொலு. தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். புதுப்பெண் கையால் ஒரு பொம்மையை எடுத்து வைக்கட்டும் என்று யாரோ சொல்ல, நான் செட்டிச்சியைத் தூக்கினேன். கொலுப் படியில் செட்டியாரும் செட்டிச்சியும் கடை பரப்பி உட்கார்ந்திருப்பார்களே, அந்தச் செட்டிச்சி. உடம்பு என் கையில் இருந்தது. தலை தரையில் உருண்டு போய் யாரோ ஒருவரின் காலடியில் நின்றது.

இருபது பேர் என்னைப் பார்த்தார்கள். "கை சரியில்ல போல" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அண்ணி திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன், எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது. அவர் திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு தம்ளரைக்கூட நான் தொட்டதில்லை. வருடா வருடம் போவோம். வாசலோரக் கதிரையில் இருப்பேன், சுண்டலை வாங்கிச் சாப்பிடுவேன், வந்துவிடுவேன். "வா", "போயிட்டு வா" என்பதற்கு மேல் அண்ணியும் என்னோடு கதைத்ததில்லை. படியில் செட்டியார் மட்டும் துணையில்லாமல் கடையைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்னைத்தான் முறைக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

இந்த வருடம் ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காமம் போக வேன் பிடித்தார் தயாபரன். நாங்கள் இரண்டு பேரும் அண்ணியும், பின் சீட்டில் இரண்டு கூடைப் பழமும். கதிர்காமத்துக்கு முந்திய ஊரான திஸ்ஸ வரைக்கும் நானும் அண்ணியும் பேசியதை எண்ணினால் ஏழு வார்த்தை வரும். அதில் மூன்று "ஜன்னலைக் கொஞ்சம் மூடு."

மாணிக்க கங்கையில் முழுகிவிட்டுத்தான் கோயிலுக்குப் போவது. அண்ணிக்கு இரண்டு முழங்காலும் சுகமில்லை. கல்லில் பாசி. தண்ணீருக்குள் நாலு அடி வைத்தவர் அப்படியே சரிந்தார். பின்னால் நின்ற நான் இரண்டு கையாலும் இடுப்பைச் சேர்த்துப் பிடித்தேன். அவர் கனத்த ஆள், நான் ஈர்க்குச்சி. "கெட்டியாப் பிடிச்சுக்க ரஜனி, விட்டுறாத" என்றார். பதினோரு வருடத்தில் என் பெயரை அவர் வாயால் கேட்டது அன்றுதான். நான் விடவில்லை. கரையில் உட்கார வைத்துக் காலில் அப்பியிருந்த சேற்றைக் கழுவிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார்.

ஆவணியில் அண்ணி போன் எடுத்தார். இந்தக் காலோடு படி கட்டிப் பொம்மை அடுக்க முடியாது, கொலுவை இந்த வருடம் நீயே வை என்றார். நான் சரி என்றேன். "படிக்குக் கீழ தரையில என்ன காட்சி வைக்கப் போற?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, வாய் முந்திக்கொண்டது. "கதிர்காமம் அண்ணி. நம்ம போயிட்டு வந்தோமே, அது."

"பெட்டிகள அனுப்பி விடுறேன்" என்று போனை வைத்தார்.

இரண்டு நாள் கழித்து ட்ரங்குப் பெட்டிகள் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. கூடவே மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு வெள்ளி வேல். முனை சற்றே வளைந்திருந்தது. என் மாமனார் உயிரோடிருந்தபோது ஒவ்வொரு வருடமும் சட்டைப் பையில் வைத்துக் கதிர்காமத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த வேல். அவர் போன பிறகு அது அண்ணியின் அலுமாரியை விட்டு வெளியே வந்ததில்லை. "ஒன் கையில குடுக்கச் சொன்னா" என்றார் தயாபரன். "ஒன் கையிலன்னு ரெண்டு தரம் சொன்னா." வெங்காயம் உரிக்காமலே அன்று குசினியில் அழுதேன்.

கதிர்காமம் வைக்கிறேன் என்று சொல்வது சுலபம். எனக்கு ஒரு கோடு நேராகக் கீற வராது. அந்த விஷயத்தில் எனக்குக் கை கொடுத்தவர் மரியகொறற்றி அக்கா. எங்கள் தொடர்மாடியில் நாங்கள் மூன்றாம் மாடி, அவர் கீழ் வீடு. யாழ்ப்பாணத்தில் பிறந்து, முப்பது வருடமாகக் கொட்டாஞ்சேனையில் இருப்பவர். இயேசு பிறந்த நத்தாருக்கு அவர் கட்டும் பாலன் குடிலைப் பார்க்க அடுத்த ஒழுங்கையிலிருந்தும் ஆள் வரும். மாட்டுத் தொழுவமும் மலையும் ஆடுகளுமாக ஒரு ஊரையே வீட்டு மூலையில் எழுப்பிவிடுவார்.

"கொலுவெண்டு நான் ஒருநாளும் கண்டதில்லை" என்றார். "ஆனால் மலை, தண்ணி, ஆக்கள், மிருகம் எண்டால் என்னட்ட விடும்."

விட்டேன். தயாபரன் வேலை செய்யும் ஒருகொடவத்தைக் கன்டெய்னர் யார்டில் கழித்துப் போட்ட பலகை இரண்டு வந்தது. மலைக்கு நான் டீவி வந்த பெட்டிக்குள் இருந்த வெள்ளை நுரைக்கட்டியை, ரிஜிபோமை, எடுத்து வெட்டி ஒட்டினேன். அழகாகத்தான் வந்தது. பச்சை நிற ஸ்ப்ரே பெயின்டை அதன் மேல் அடித்தேன். என் கண் முன்னாலேயே ரிஜிபோம் புசுபுசுவென்று கரைந்து குழி விழுந்தது. கதிர்காமத்தின் ஏழு மலையில் ஒன்று போய் ஆறானது. நான் பெயின்ட் டின்னை எட்டி உதைத்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு, கால் விரல் வீங்கியதுதான் மிச்சம்.

"உதுக்குத்தான் சீமெந்துப் பை" என்றார் கொறற்றி அக்கா. வெறும் சீமெந்துப் பைகளைக் கழுவி, சாயத் தண்ணீரில் தோய்த்து, கசக்கி, காய வைத்து மலையில் போர்த்தினார். கசங்கல் எல்லாம் பாறையாகிவிட்டது. மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் நடு மலையில் ஒரு குகை.

"இது என்னத்துக்குக்கா?"

"மலையெண்டால் ஒரு குகை வேணும் பிள்ளை."

"இது கதிர்காமம் அக்கா. பெத்லகேம் இல்ல."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குடிலைக் கட்டிக் கட்டிக் கை அப்படியே போய்விட்டதாம். அந்தக் குகைக்குள் ஒரு கரடியைப் படுக்க வைத்தோம். குடில் ஆடுகள் ஆறுக்குப் பழுப்பு அடித்து மானாக்கினோம், இரண்டுக்குக் கறுப்பு அடித்துப் பன்றியாக்கினோம். ராஜாக்கள் வந்த ஒட்டகத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கு மட்டும் நான் இடம் கொடுக்கவில்லை.

மாணிக்க கங்கைக்கு மருதானையில் மீன் தொட்டி மோட்டர் ஒன்று வாங்கினேன். தண்ணீர் சலசலவென்று ஓடியது. சோளமாவையும் பைண்டர் கம்மையும் பிசைந்து ஆட்களைச் செய்தோம். தேங்காய் உடைப்பவர், காவடிக்காரர், பழத்தட்டுக் கடைக்காரி எல்லோரும் கொறற்றி அக்காவின் கைவேலை. ஆற்றங்கரைப் பொம்மைகள் இரண்டை மட்டும் நானே செய்தேன். மாம்பழ நிறச் சேலையில் ஒரு கனத்த அம்மா கல்லில் உட்கார்ந்திருக்கிறார். ஒல்லியான ஒருத்தி அவர் காலைக் கழுவுகிறாள். எத்தனை தரம் கிள்ளி வைத்தும் அந்த அம்மாவுக்கு மூக்கு சரியாக வரவில்லை. கொறற்றி அக்கா திருத்தித் தருகிறேன் என்றார். நான் விடவில்லை.

கோயில் கடைசியாக. அட்டைப் பெட்டியில் கட்டி, வெள்ளைச் சுவரில் யானை வரிசை ஒட்டி, உள்ளே திரை தொங்கவிட்டோம். கதிர்காமத்தில் சிலை தெரியாது, திரைதான் தெரியும், திரையில் முருகனும் வள்ளி தெய்வானையும் எழுதியிருக்கும் என்று சொன்னேன்.

"அப்ப சாமி?"

"திரைக்குப் பின்னாலக்கா. யாரும் பார்க்க முடியாது."

கொறற்றி அக்கா தலையை மெல்ல ஆட்டினார். நான் மஞ்சள் துணியைப் பிரித்து வேலை அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இது திரைக்கு முன்னால வரணும்க்கா. இந்த முழுக் கதிர்காமத்துக்கும் உயிர் இதுதான்" என்றேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அமாவாசை நாள், விளக்கேற்ற நேரமாகிவிட்டது. மிச்சத்தை அவரிடம் விட்டுவிட்டு நான் குளிக்க ஓடினேன். வந்து பார்க்கும்போது அவர் வேலையை முடித்துக் கீழே போயிருந்தார். அதற்குள் மாடி வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் வந்து ஹாலை நிறைத்துவிட்டார்கள்.

எல்லோரும் போன பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன். மலை இருக்கிறது. ஆறு ஓடுகிறது. கோயில் இருக்கிறது. திரைக்கு முன்னால் ஒரு பிடி வைக்கோல் கிடந்தது. வேல் இல்லை.

மஞ்சள் துணியை உதறினேன். ஆற்றை நிறுத்தி மோட்டருக்குள் பார்த்தேன். குப்பை வாளியைத் தரையில் கொட்டிக் கிளறினேன். தயாபரன் எங்கேயோ போய் ஒரு காந்தத்தைக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் தடவிக்கொண்டிருந்தார். வெள்ளியைக் காந்தம் இழுக்காது என்றுகூடத் தெரியாத மனிதருக்கு என்னைக் கட்டி வைத்திருக்கிறார்கள். பொம்மைகளைத் தூக்கி அடியில் பார்க்கவும் வழியில்லை. கொலு வைத்து விளக்கேற்றிவிட்டால் விஜயதசமி வரைக்கும் வைத்ததை வைத்த இடத்திலிருந்து அசைக்கக் கூடாது. அந்த வைக்கோலைக்கூட நான் எடுக்கவில்லை.

"கொறற்றி அக்காட்ட கேட்டுப் பாரேன்" என்றார் தயாபரன்.

"பேசாம இருங்க."

"கேக்குறதுல என்ன?"

கேட்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் இரண்டாம் மாடியில் ஒரு மோதிரம் காணாமல் போனது. அந்த வீட்டுக்காரி எல்லோரிடமும் போய், "சும்மாதான் கேக்கிறன்" என்று கேட்டாள். கொறற்றி அக்காவிடமும் கேட்டாள். மோதிரம் பிறகு அவள் மா டின்னுக்குள்ளேயே கிடைத்தது. கொறற்றி அக்கா அன்றிலிருந்து அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. "சும்மா ஒருத்தரும் கேக்கிறேல்லை ரஜனி. சந்தேகப்பட்டுத்தான் கேக்கிறது" என்று என்னிடம் சொன்னவர். ஒரு மாதமாக எனக்காக முதுகு வளைந்தவரிடம், கடைசியாக வேல் உங்கள் கையில்தானே இருந்தது என்று எந்த வாயால் கேட்பது? சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. ஆனாலும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் படியிறங்கிப் போகும்போது அவர் கைப்பையை நான் பார்த்தேன். பார்த்த கண்ணைப் பிடுங்கிப் போட வேண்டும் போலிருந்தது.

அவரோ தினமும் மாலையில் வந்தார். கதிர்காமத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அந்த வைக்கோலை விரல் நுனியால் தட்டிப் பரப்பிவிட்டு, "எல்லாம் வடிவா இருக்கு" என்று புன்சிரிப்போடு எழும்பிப் போனார். வேல் இல்லாதது ஒரு நாளும் அவர் கண்ணில் படவில்லையே என்று எனக்கு ஆச்சரியம். வேலைப்பாடு தெரிந்த ஆளுக்குக் கோயில் வெறுமையாக இருப்பது தெரியாதா?

"கடைசி நாளைக்கு நல்ல சீலை உடுத்துக்கொண்டு வாறன்" என்றார் ஒரு நாள்.

"வாங்கக்கா" என்றேன். வேறென்ன சொல்ல?

ஐந்தாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் நகைக்கடைகள் இருக்கும் செட்டியார் தெருவுக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளி வேல்கள் வரிசையாக இருந்தன. அதே அளவில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முனை நேராக, பளபளவென்று இருந்தது. வளைத்துத் தரச் சொன்னால் வளைத்துத் தருவார்கள். அண்ணிக்குக் கண் மங்கல், தெரியாமலே போகலாம். ஆனால் எனக்குத் தெரியும். ஏற்கெனவே ஒரு செட்டியார் என்னை முறைக்கிறார், இதில் முருகனும் முறைக்க வேண்டுமா? திரும்பக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணி சரஸ்வதி பூசையன்றுதான் வருவதாக ஏற்பாடு. அவருடைய முழங்காலுக்கு மூன்று மாடி ஏறுவது ஒரு தடவைதான் முடியும். அதுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம் வேலுக்காக மட்டுமில்லை. பதினோரு வருடம் கழித்து ஒரு மனுஷி என்னை நம்பி, என் கையில் என்று இரண்டு தரம் சொல்லிக் கொடுத்தார். அது போய்விட்டால் இன்னொரு பதினோரு வருடம் அந்த வாசலோரக் கதிரைதான். இந்த முறை அதற்குமேலும் போகும். அவருக்கு வயது அறுபத்தெட்டு.

அன்றைக்கு ஐந்து மணிக்கு அண்ணி வந்தார். தயாபரன் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் கதிரை போட்டு இருந்து இருந்து ஏறினார். நான் மேலே நின்று அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்தார். படிகளை மேலோட்டமாகப் பார்த்தார். பிறகு குனிந்து கதிர்காமத்தைப் பார்க்கத் தொடங்கினார். ஊருக்குள் வரும் வழியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"நம்ம வேன்தானே இது?"

"ஆமா அண்ணி."

"பின்னால கூடை ரெண்டையும் வச்சிருக்க." சிரித்தார். "குகைக்குள்ள என்ன, கரடியா?"

"கரடிதான் அண்ணி."

அவர் விரல் மெல்ல ஆற்றங்கரைக்கு வந்தது. அங்கே நின்றுவிட்டது. மாம்பழ நிறச் சேலையைப் பார்த்தார். காலைக் கழுவுகிறவளைப் பார்த்தார்.

"இந்த மூக்கு என் மூக்கு இல்ல" என்றார்.

அடுத்து கோயில்தான். அவர் கண் அங்கே போவதற்குள் சொல்லிவிட வேண்டும். ஒன்பது நாளாக மனதுக்குள் எழுதி எழுதி அழித்த பேச்செல்லாம் அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

"அண்ணி, வேல் காணாமப் போச்சு."

தயாபரன் கதவடியில் தலையைக் குனிந்துகொண்டார்.

"மொத நாளே போச்சு. எல்லா எடமும் தேடிட்டேன். யாரையும் குத்தம் சொல்லல. என் கையில குடுத்தீங்க, என் கையிலதான் போச்சு. என் கை சரியில்ல அண்ணி. அன்னைக்குச் சொன்னது சரிதான்."

அண்ணி கோயிலைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து, மேலே ஒற்றையாக உட்கார்ந்திருந்த செட்டியாரைப் பார்த்தார்.

"ஒன் கையில ஒரு கொறையும் இல்ல" என்றார். "அந்தச் செட்டிச்சி கழுத்து அதுக்கு முந்தின வருஷமே ஒடஞ்சிருச்சு. பெட்டியில அடுக்குறப்ப, என் கையிலதான். கம் போட்டு ஒட்டி, மால ஒண்ணைப் போட்டு மறைச்சு வச்சேன். நீ தூக்குன. கம் விட்டுருச்சு."

நானும் செட்டியாரைப் பார்த்தேன்.

"எல்லாரும் ஒன்னைப் பார்த்தாங்க. நான் அப்பவே சொல்லியிருக்கணும். அத்தனை பேருக்கு முன்னால வாய் வரல. உள்ள போயிட்டேன். அடுத்த வருஷம் சொல்லலாம்னு இருந்தேன். நீ வாசலோரமா ஒக்காந்த. அதப் பார்த்தா இன்னும் வரல. அதுக்கடுத்த வருஷம், அதுக்கடுத்த வருஷம்னு போயிருச்சு. ஆத்துல நீ பிடிச்சுக்கிட்ட அன்னைக்கும் வாயெடுத்தேன். அதான் அப்பாவோட வேல் ஒன் கையில வரட்டும்னேன்."

"பதினோரு வருஷம் அண்ணி" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "ஒங்க வீட்டுல ஒரு தம்ளர் தூக்குனதில்ல நான்."

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பார்த்துக்கிட்டா?"

"ஆமா." அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது. "வேல் போனாப் போகுது ரஜனி. அப்பாவே வந்து கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன். நீ அழுவாத."

நான் அவர் மடியில் தலையை வைத்து அழுதேன். கோபம் பாதி ஆறுதல் பாதி என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையைச் சொன்னால் ஆறுதல்தான் முக்காலுக்கு மேல். என் கை சரியான கைதான். பதினோரு வருடமாகச் சரியான கைதான்.

அப்போதுதான் கொறற்றி அக்கா வந்தார். நீலப் பட்டுச் சேலை, தலையில் மல்லிகைச் சரம், கையில் ஒரு சின்ன மரப்பெட்டி.

"ஒருத்தரும் ஏசாதையுங்கோ, மாதா கோயில்ல செபமாலை முடியப் பிந்திப்போச்சு" என்றபடி உள்ளே வந்து, கதிர்காமத்துக்கு முன்னால் முழந்தாளிட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சு மெத்தை. மெத்தையின் நடுவில், முனை சற்றே வளைந்த வேல்.

நான் எட்டிப் பார்த்தேன். "இது... ஒங்ககிட்டயாக்கா இருந்துச்சு?"

"வேறை எங்க இருக்கிறது? இது எங்கட பாலன் வருஷம் முழுக்கப் படுக்கிற பெட்டி. இதைவிடப் பத்திரமான இடம் என்ர வீட்டில இல்லை."

"ஒம்போது நாளா?"

"ஓம். முதல் நாளே ஆரும் கொண்டுவந்து வைப்பினமோ பிள்ளை?" அவருக்கு என் கேள்விதான் விளங்கவில்லை. "குடிலை ஒரு கிழமைக்கு முன்னம் கட்டினாலும் பாலனை இருபத்திநாலாந்திகதி இரவுதானே வைக்கிறது. அதுமட்டும் வைக்கோலைப் போட்டு இடத்தை வெறுமையா விட்டிருப்பம். நீர் இதுதான் உயிர் எண்டு சொன்னீர். சாமியை ஒருத்தரும் காண ஏலாது எண்டும் சொன்னீர். அதான் நானும் வைக்கோல் போட்டனான். நாள் நாளா வந்து தட்டிவிட்டனே, நீர் காணேல்லையோ?"

கண்டேன். ஒன்பது நாளும் கண்டேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையைப் புத்தகத்தில் படித்துச் சிரித்தவள் நான். முதலில் தயாபரன் சிரித்தார், காந்தம் ஞாபகம் வந்திருக்கும். பிறகு அண்ணிக்கு விளங்கியது. முழங்கால் வலி மறந்து, கதிரை ஆட ஆடச் சிரித்தார். நான் அழுகையை விட்டுச் சிரிப்புக்கு மாறத் தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தேன்.

கொறற்றி அக்கா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். "என்ன எல்லாரும் அழுதுபோட்டுச் சிரிக்கிறியள்? நான் பிந்திப்போனனோ?"

"இல்லக்கா" என்றேன்.

கொறற்றி அக்கா ஐந்து நிமிடம் முந்தி வந்திருந்தால் அண்ணி வேலைப் பார்த்திருப்பார், சந்தோஷப்பட்டிருப்பார், சுண்டல் சாப்பிட்டிருப்பார், செட்டிச்சியை மனதுக்குள் வைத்துக்கொண்டே மூன்று மாடியும் இறங்கிப் போயிருப்பார். மனதுக்குள் அந்தச் செபமாலைக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

வேலை நானே எடுத்து வைக்க வேண்டும் என்று இரண்டு பேரும் சொன்னார்கள். வைக்கோலை எடுத்துவிடவா என்று கேட்டேன். "வச்சத அசைக்கக் கூடாதுல்ல, அது இருக்கட்டும்" என்றார் அண்ணி. வைக்கோலின் நடுவில் வேலை நட்டேன். அந்தச் சின்ன விளக்கு வெளிச்சத்தில் அது நன்றாகத்தான் இருந்தது.

பூசை முடிந்ததும் குசினிக்குப் போய்த் தேநீர் ஊற்றினேன். அண்ணிக்கு ஒரு கோப்பை, கொறற்றி அக்காவுக்கு ஒரு கோப்பை. ஒரு கையில் ஒன்று, மற்றக் கையில் ஒன்று, இரண்டையும் ஒரே தடவையில் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அண்ணி என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு?" என்றார் தயாபரன்.

"எனக்கு இருக்கிறது ரெண்டு கைதான்" என்றேன். "போய் எடுத்துக்குங்க."